ஒட்டிய உறைக்குள் உங்கள் சம்பளம்: யாரைக் காப்பாற்ற இந்த ரகசியம்?



உங்களிடம் ஒரு கேள்வி. பக்கத்து மெஷினில் நிற்கிறவருக்கு எவ்வளவு சம்பளம் என்று உங்களுக்குத் தெரியுமா? அவர் வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதியிருப்பீர்கள். அவர் அம்மா இறந்தபோது சுடுகாடு வரை போயிருப்பீர்கள். பத்து வருடமாக ஒரே பேக்டரி பஸ்சில் பக்கத்தில் பக்கத்தில் தூங்கிக்கொண்டே வேலைக்குப் போயிருப்பீர்கள். ஆனால் அவருடைய பேசிக் எவ்வளவு? தெரியாது! கேட்டால் தப்பு என்று நினைக்கிறோம். முன்பு ஒட்டிய உறையில் வந்தது, இப்போது கைத்தொலைபேசியில் கடவுச்சொல் போட்டுத் திறக்கிறோம். உறை மாறியதே தவிர ரகசியம் மாறவில்லை.

இந்த ரகசியம் உங்கள் நன்மைக்காக என்றுதான் ஆபீசில் சொல்வார்கள். "மற்றவர்களிடம் சொல்லாதே, பொறாமைப்படுவார்கள்" என்பார்கள். நானும் 16 வருடம் அதை நம்பினேன். நம்பிய முட்டாள்களில் முதல் முட்டாள் நான்தான் என்று சொல்லிவிட்டே மேலே எழுதுகிறேன்.

2006இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். பெயர் போட்டால் அது ஒரு கம்பெனியின் கதையாகிவிடும், இது அப்படி இல்லை. நான் சேர்ந்து நான்கு வருடம் கழித்து ஒரு தம்பி வந்தான், நம் இனத்துப் பையன். மெஷினைத் திறப்பது, பிளேடு மாற்றுவது, ரிஜெக்ட் பார்ப்பது எல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். 2021இல் அவன் மலிவு விலை வீட்டுக்கு மனுப் போட்டான். பாரம் நிரப்பித் தரச் சொல்லி ஊழியர் சேமநிதி அறிக்கையைக் கொண்டுவந்தான். அதில் முதலாளியின் பங்கு மாதம் 224 ரிங்கிட் என்று இருந்தது. என் அறிக்கையில் 190. முதலாளி பங்கு 13 விழுக்காடு. திருப்பிக் கணக்குப் போட எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. என் பேசிக் 1,460. அவனுடையது 1,700க்கு மேல்.

அவன் முகம் செத்துப்போனது. "அண்ணே, யாருக்கும் சொல்லாதேன்னு மேனேஜர் சொன்னாரு" என்றான். அவன் கெட்டவன் இல்லை. சனிக்கிழமை மேனேஜர் மகனை டியூசனுக்கு ஏற்றிப் போவான், மேனேஜர் வீடு மாறும்போது லாரி பிடித்துக் கொடுத்தான், டுரியான் காலத்தில் முதல் கூடை அவர் வீட்டுக்குப் போகும். அதற்குக் கிடைத்த கூலி அந்த இருநூற்றைம்பது. மேனேஜர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு காசு கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தன் வீட்டு வேலைக்குக் கம்பெனிப் பணத்தில் சம்பளம் போட்டார். எங்கள் இன்கிரிமென்டிலிருந்து வெட்டிப் போட்டார்.

250 ரிங்கிட்தானே, அதற்கா இவ்வளவு கோபம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

பேசிக் என்பது ஒரு எண் இல்லை, மற்ற எல்லா எண்ணுக்கும் அதுதான் தாய். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. அதை எட்டால் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அது வாங்குபவருக்கு ஒரு மணிக்கு 8.17. சாதாரண நாளில் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது 12.26. பக்கத்தில் 1,950 வாங்குபவருக்கு அதே ஓவர்டைம் ஒரு மணிக்கு 14.06. இருவரும் மாதம் 60 மணி நேரம் ஓவர்டைம் செய்தால், அதில் மட்டும் 108 ரிங்கிட் வித்தியாசம். ஒரே மெஷின், ஒரே வியர்வை, ஒரே தூக்கமில்லாத கண்!

அடுத்தது சேமநிதி. உங்கள் 11 விழுக்காடு, முதலாளியின் 13 விழுக்காடு, மொத்தம் 24. மாதம் 250 குறைந்தால் சேமநிதியில் 60 குறைகிறது. வருடத்துக்கு 720. இருபது வருடத்துக்கு 14,400, லாப ஈவைச் சேர்க்காமலே. இன்னொன்றும் சொல்கிறேன், இது நம்மில் பலருக்குத் தெரியாது: ஓவர்டைம் பணத்துக்குச் சேமநிதி பிடிக்க வேண்டியதில்லை. சொக்சோவுக்குக் கணக்கில் வரும், சேமநிதிக்கு வராது. அதனால் "பேசிக் கூட்ட முடியாது, ஓவர்டைம் நிறையத் தருகிறேன்" என்று சூப்பர்வைசர் தோளைத் தட்டினால் சந்தோஷப்படாதீர்கள். உடம்பை இன்று எடுத்துக்கொண்டு, கிழவயதுக்கு ஒன்றும் சேர்க்காமல் விடுகிற ஏற்பாடு அது.

அந்த ஓவர்டைமையாவது எல்லாருக்கும் சமமாகப் பிரிக்கிறார்களா? அங்கேதான் அடுத்த ஓரவஞ்சனை. ஞாயிற்றுக்கிழமை லிஸ்டில் யார் பெயர், பொது விடுமுறை நாளில் யாரைக் கூப்பிடுவது, இரவு ஷிப்டிலிருந்து யாரைப் பகலுக்கு மாற்றுவது, எல்லாம் ஒரு ஆளின் பேனா முனையில். உங்கள் பெயர் இரண்டு மாதம் லிஸ்டில் வராவிட்டால் மோட்டார் தவணை நிற்கிறது, பிள்ளையின் பஸ் கட்டணம் நிற்கிறது. வீட்டில் சண்டை வருகிறது. "மேனேஜரிடம் கொஞ்சம் நல்லபடியாக நடந்துகொள்ளக்கூடாதா?" என்று மனைவி கேட்கிறாள். இப்படித்தான் பேக்டரியின் ஓரவஞ்சனை நம் வீட்டு வாசல் ஏறி வருகிறது.

2022 மே மாதம் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ஆனது. அந்த மாதம் என் சம்பளத்தில் 40 ரிங்கிட் ஏற்றினார்கள். அந்த வாரம் சேர்ந்த, ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத பையனுக்கும் 1,500. என் 16 வருடத்தின் மதிப்பு பூச்சியம். அவனுக்குக் கொடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு இன்னும் கூடுதலாகவே கொடுக்கலாம். ஆனால் "பழைய ஆட்களுக்குச் சரிக்கட்டல் உண்டா?" என்று கேட்டபோது, பட்ஜெட் இல்லை என்றார்கள். மறுமாதமே ஏழு பேருக்கு மட்டும் ஸ்பெஷல் அட்ஜஸ்ட்மென்ட் வந்தது. எந்த ஏழு பேர் என்று நான் சொல்ல வேண்டுமா? 2025இல் குறைந்தபட்சம் 1,700 ஆனபோதும் பல இடங்களில் இதே கூத்து நடந்தது. சட்டம் அடியில் உள்ளவரைத் தூக்குகிறது, சரி. நடுவில் உள்ளவரை என்ன செய்வது என்று அது சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் மேனேஜரின் ராஜாங்கம்.

லைன் லீடர் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லைனில் பாதிப் பேர் தமிழர். நான் இருந்த காலத்தில் லீடராக ஏற்றப்பட்டவர்கள் ஒன்பது பேர், அதில் தமிழர் ஒருவர். ஒருமுறை போர்டில் ஒட்டிய அறிவிப்பில் மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும் என்று இருந்தது. லைனில் நாள் முழுக்கப் பேசுவது மலாய்! மெஷினோடு மாண்டரின் பேச வேண்டுமா என்று ஒரு அக்கா கேட்டார். சிரித்தோம். சிரித்துவிட்டு வேலைக்குப் போனோம். அதுதான் நம் தவறு.

மேனேஜர் எந்த இனம் என்பதல்ல என் வழக்கு. நம் இனத்து மேனேஜரும் இதையே செய்வதைப் பார்த்திருக்கிறேன், சில சமயம் இன்னும் மோசமாக. "நம்மாளுதானே, பொறுத்துக்கொள்" என்று சொல்லியே குறைத்துக் கொடுப்பார்கள். இது நமக்குப் புதிதும் இல்லை. உங்கள் தாத்தாவைக் கேட்டிருந்தால் பெரட்டுக் களத்தைப் பற்றிச் சொல்லியிருப்பார். விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டும். யாருக்கு நல்ல மரம், யாருக்குக் காய்ந்த மேட்டு மரம் என்று கங்காணி கைகாட்டுவார். தன் கூட்டத்திலிருந்து எத்தனை தலை வேலைக்கு வந்தது என்று பார்த்துக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. துரைக்குக் கூலியாளின் பெயர் தெரியாது, கங்காணியின் பெயர் தெரியும். இன்று கங்காணிக்கு எச்.ஆர். என்றும் சூப்பர்வைசர் என்றும் பெயர். கழுத்தில் அட்டை தொங்குகிறது.

கூலி வித்தியாசமும் அப்போதே இருந்தது. 1920களின் இறுதியில் வெள்ளைக்கார அரசாங்கம் நம்மவர்களுக்குத் தோட்டக் கூலி நிர்ணயித்தபோது ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று போட்டது. சீனத் தொழிலாளிக்கு அதைவிடக் கூடுதல் கிடைத்தது. நம் பாட்டன்மார் இதைத் தலைவிதி என்று விட்டுவிடவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் என்பவர் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தில் முன்னின்றார். அவர்கள் கேட்டது என்ன? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும். கொடுமை செய்யும் மேற்பார்வை ஆட்களை நீக்கிவிட்டுத் தமிழ் தெரிந்தவர்களைப் போட வேண்டும். பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், வைத்தியம் வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

கூலியும் மரியாதையும் ஒரே தாளில் எழுதப்பட்டிருந்ததைப் பாருங்கள். காசு வேறு, சைக்கிள் வேறு என்று அவர்கள் நினைக்கவில்லை. அந்த மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை போட்டுப் படையைக் கொண்டுவந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் செத்தார்கள். அந்தக் கிள்ளானில்தான் இன்று பல பேக்டரிகள் நிற்கின்றன. அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பள்ளிப் பாடத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சரி, இன்று சட்டம் என்ன சொல்கிறது? கூட்டரசு அரசியல் சட்டத்தின் 8ஆவது பிரிவு சமத்துவம் பேசுகிறது. ஆனால் 2005இல் ஒரு விமானப் பணிப்பெண் கருவுற்றதால் வேலை இழந்த வழக்கில், அந்தச் சமத்துவம் தனிமனிதனுக்கும் தனியார் முதலாளிக்கும் இடையே வராது என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசியல் சட்டம் பேக்டரி கேட் வரை வரும், உள்ளே வராது!

2023 ஜனவரி 1 முதல் தீபகற்பத்திலும் லாபுவானிலும் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 69எப் என்று ஒரு பிரிவு சேர்ந்திருக்கிறது. வேலையிடப் பாகுபாடு பற்றித் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் தகராறு என்றால், தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம். உத்தரவை மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். எத்தனை பேருக்கு இது தெரியும்? எந்தத் தலைவர் நம் மொழியில் வந்து சொன்னார்? பொங்கலுக்கு அரிசிப் பை கொடுத்துப் படம் எடுக்க வருகிறார்களே, அந்தப் பையில் ஒரு துண்டுத்தாள் போட்டிருக்கலாமே! பிரிவில் ஓட்டையும் உண்டு. பாகுபாடு என்றால் என்ன என்று அது விளக்கவில்லை. வேலைக்கு மனுப் போட்டவர் இன்னும் தொழிலாளி ஆகவில்லை, அவருக்கு அது பயன்படுவது சந்தேகம். ஆனாலும் கதவு இருக்கிறது. தட்டாத கதவு திறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்நியத் தொழிலாளி பற்றியும் ஒரு வார்த்தை. பங்களாதேஷ்காரன் வந்து சம்பளத்தைக் கெடுத்தான் என்று காப்பிக்கடையில் பேசுகிறோம். குறைந்தபட்சச் சம்பளம் பேக்டரியில் அவனுக்கும் உண்டு. உள்ளூர்த் தொழிலாளியும் அந்நியத் தொழிலாளியும் ஒருவரை ஒப்பிட்டு ஒருவர் பாகுபாட்டுப் புகார் செய்யலாம் என்று அதே சட்டத்தின் 60எல் பிரிவு சொல்கிறது. அதே வேலையில் இருப்பவர்களில் ஆள் குறைக்கும்போது அந்நியத் தொழிலாளிக்கு முன் உள்ளூர்க்காரரை நிறுத்தக்கூடாது என்று 60என் சொல்கிறது. அவனுக்குக் குறைத்துக் கொடுப்பவனும் உங்களுக்குக் குறைத்துக் கொடுப்பவனும் ஒரே ஆள். சண்டையை அங்கே வையுங்கள்.

மருத்துவமனையிலும் பள்ளிக்கூடத்திலும் துப்புரவு வேலை செய்யும் நம் அக்காமார்களின் நிலைமை எல்லாவற்றையும்விடக் கேவலம். அதே வார்டு, அதே துடைப்பம், பதினைந்து வருடம். ஆனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை குத்தகைக்காரர் மாறுகிறார். புது ஒப்பந்தத்தில் அக்கா புது ஆள்! சட்டப்படி ஐந்து வருடம் ஒரே முதலாளியிடம் இருந்தால் வருட விடுமுறை 16 நாள். புது ஆளுக்கு 8 நாள். பதினைந்து வருடம் உழைத்த பெண்மணி மகளின் கல்யாணத்துக்கு லீவு கேட்டு, நேற்று வந்தவள் போல நிற்கிறாள். இன்கிரிமென்ட் என்ற சொல்லே அங்கே கிடையாது. இது மேனேஜரின் ஓரவஞ்சனைகூட இல்லை. ஓரவஞ்சனையை ஒப்பந்தமாகவே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

இனி, என்ன செய்வது? கோபத்தில் கார்டைத் தூக்கி எறிந்துவிட்டு வராதீர்கள். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர், ஒப்பந்தத்தில் வேறு காலம் எழுதியிருந்தாலன்றி, எட்டு வார நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் நின்றால் அந்த எட்டு வாரச் சம்பளத்தை நீங்கள்தான் கட்ட வேண்டிவரும். மேனேஜருக்கு அதைவிட இனிப்பான செய்தி இல்லை. அவர்களே நிறுத்திவிட்டால் 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் புகார் கொடுங்கள். 61ஆவது நாள் போனால் அழுது பிரயோஜனமில்லை.

அதற்கு முன், உங்கள் வேலை ஒப்பந்தத்தைப் படியுங்கள். சம்பளத்தை வெளியே சொல்லக்கூடாது என்று அதில் வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சங்கத்திடமோ தெரிந்த வழக்கறிஞரிடமோ காட்டிவிட்டு அடுத்த அடி வையுங்கள், அவசரப்பட வேண்டாம். அடுத்தவர் சீட்டை ஆபீசிலிருந்து எடுக்காதீர்கள், அது திருட்டு என்று உங்கள் மேலேயே திருப்புவார்கள். உங்கள் சீட்டு உங்களுடையது. ஓவர்டைம் லிஸ்ட் போர்டில் ஒட்டுகிற காகிதம்தான், ஒவ்வொரு வாரமும் யார் பெயர் வந்தது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். நான் எழுதாமல் விட்டேன். விசாரணை என்று போய் உட்கார்ந்தபோது என்னிடம் கோபம் இருந்தது, நோட்டு இல்லை. சம்பளப் பதிவேட்டை முதலாளி ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் எந்த மாதத்தைக் கேட்பது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே!

தனியாகப் போகாதீர்கள். ஒருவர் போனால் "பிரச்சினை பண்ணுகிறவன்". நான்கு பேர் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் பதில் எழுதியாக வேண்டும். அந்த நான்கு பேரும் தமிழராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. எங்கள் லைனில் கடைசியில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒரு மலாய்க்கார அக்காவும் இருந்தார், என்னைவிட மூன்று வருடம் முன்பு சேர்ந்தவர், என்னைவிட 60 ரிங்கிட் குறைவாக வாங்கிக்கொண்டிருந்தவர். அவருக்கும் "யாரிடமும் சொல்லாதே" என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள்.

அந்தத் தம்பியும் கையெழுத்துப் போட்டான். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை லிஸ்டில் அவன் பெயர் வரவில்லை. பழைய ஆட்கள் பதினொரு பேருக்கு 80லிருந்து 150 வரை ஏறியது. என் பங்கு 120. கேட்டது முழுதும் கிடைக்கவில்லை.

சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் வந்துவிட வேண்டும். இந்த மாதம் வந்ததும் சீட்டை அலமாரியில் மடித்து வைக்காதீர்கள். சாப்பாட்டு மேசையில் விரித்து வையுங்கள், கணவன் சீட்டும் மனைவி சீட்டும். படிவம் ஐந்து படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு 26ஆல் வகுக்கச் சொல்லுங்கள்.